தஞ்சாவூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: எந்தத் தெரு, எந்த வேளை, என்ன கேட்கலாம்

வங்கி மாற்றலில் இங்கே வந்த நண்பர் ஒருவர், வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் போன் செய்தார். "பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் எல்லாம் ஒரே நாள்ல முடிச்சாச்சு சார். தஞ்சாவூர்னா சங்கீதம், நாட்டியம்னு சொல்றாங்களே, அது எங்கதான் இருக்கு?" எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்காம். நடை சாத்த அரை மணி இருக்கையில், கொதிக்கிற கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஒரு சுற்று வந்திருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே புறாவின் சத்தம்கூடக் கேட்காது.

கைபேசியில் இருக்கும் வரைபடம் இந்த ஊரில் பாதி வழிதான் காட்டும். மீதி வழியை வேளையும் தமிழ் மாதமும்தான் காட்டும். அவருக்கு அன்று வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சுற்றுலா வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் இருக்கப் போகிறவர்களுக்கானது.

முதல் வேலை: தினசரிக் காலண்டர்

எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், தாள் கிழிக்கிற காலண்டர். பால் கணக்கு எழுதுவதற்கு முன் அதில் சில நாட்களைச் சுழித்து வையுங்கள். மாதம் இரண்டு பிரதோஷம். தை மாதவாக்கில் வரும் பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி, தியாகராஜர் ஆராதனை. மாசியில் சிவராத்திரி; அதை ஒட்டிப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி. மே மாதத்தில் நரசிம்ம ஜயந்தி. வைகாசியில் முத்துப்பல்லக்கு, இருபத்து நான்கு கருட சேவை. ஐப்பசியில் சதயம், ராஜராஜனின் நட்சத்திரம்.

அமாவாசையையும் சுழித்து வையுங்கள். அது போகாமல் இருப்பதற்கு. மரவேலை, வார்ப்பு வேலை செய்கிறவர்கள் பலர் அன்று உளியைத் தொட மாட்டார்கள். பூட்டின பட்டறை வாசலில் நின்று திரும்பிய அனுபவம் எனக்கு மூன்று முறை உண்டு.

முதல் காலை: பெரிய கோயில், ஆறு மணி

கோயில் காலை 6 முதல் 12.30 வரை, மாலை 4 முதல் 8.30 வரை. ஆறு மணிக்கே போய்விடுங்கள். தளம் குளிர்ந்து கிடக்கும், கூட்டம் இருக்காது. 216 அடி விமானத்தை நிமிர்ந்து பார்க்கிற காரியத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, வடக்கு மதிலின் வெளிப்புறம் போய்க் கல்வெட்டுகளுக்கு முன் நில்லுங்கள். 1010இல் முடிந்த கோயில் இது. அதற்குப் பின் சில வருஷங்களில் வெட்டிய நீளமான சாசனம் ஒன்று அங்கே இருக்கிறது. கோயிலைச் சுற்றித் தளிச்சேரி என்று தெருக்கள் போட்டு, 400 ஆடல் மகளிரை ராஜராஜன் குடியேற்றிய கணக்கு அது. தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு என்று தெருவின் வரிசை. தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று கதவு எண். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று ஊர் ஊராக அழைத்து வந்திருக்கிறார்கள். வாடகை வீடு தேடி அலைந்த களைப்போடு இதைப் படித்தால் நமக்கு ஒரு உறவு வந்துவிடும்: ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊர் வெளியூர்க்காரர்களுக்கு வீடு ஒதுக்கிக் கணக்கு எழுதிய ஊர்.

எழுத்து புரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். க, ட, ப, ம என்று நாலைந்து எழுத்து பிடிபட்டதும் 'நக்கன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒவ்வொரு ஆடல் மகளின் பெயருக்கு முன்னாலும் அது நிற்கும். குழந்தைகளை விட்டு எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இருபத்தேழு வரை போய்ச் சண்டை வந்து நின்றது.

திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக ஐம்பது பேரை நியமித்த சாசனமும் இங்கே உண்டு. நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல் சம்பளம்.

விமானத்தின் மேல்தளச் சுவரில் கரணங்கள் என்ற நாட்டிய நிலைகள் 108இல் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அங்கே பொதுமக்களை விடுவதில்லை. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களும் அப்படியே. மேலே நாயக்கர் காலத்தில் பூசிய ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்கக்கூடத்தில் இவற்றின் படங்களைப் பார்க்கலாம். காவலரிடம் கெஞ்சி நேரத்தை வீணாக்காமல் அங்கே போய்விடுங்கள்.

மாலையில் இன்னொரு நாள், சாயரட்சை என்ற அந்திப் பூஜைக்குப் போங்கள். அப்போது காதுக்கு ஒரு சின்னப் பாடம் உண்டு. டெல்டா கோயில்களில் சுவாமி வெளியே புறப்படும்போது நாதசுரத்தில் வாசிப்பது மல்லாரி, ராகம் கம்பீரநாட்டை. சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. தவில் முன்னே நின்று நடக்கிற நடை. அதை ஒரு தடவை அடையாளம் கண்டுகொண்டால், தெருக்கோடியில் இருந்தே "சுவாமி கிளம்பியாச்சு" என்று வீட்டில் சொல்லலாம். ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. பல சின்னக் கோயில்களில் இப்போது சுவிட்சைப் போட்டால் தானாக அடித்துக்கொள்ளும் மின்சார மேளம் வந்துவிட்டது. அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு இதுதான் தஞ்சாவூர் மேளம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ராஜ வீதிகள் நான்கு

கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், வெள்ளிக்கிழமையாக இருந்தால் நல்லது, மேலவீதியில் நடங்கள். ஜவுளி, செல்போன், பேன்சி ஸ்டோர் என்று மற்ற ஊர்க் கடைத்தெரு மாதிரித்தான் இருக்கும். கண் ஏமாறும்.

இந்தத் தெருவில்தான் பங்காரு காமாட்சி அம்மன் கோயில். காஞ்சியிலிருந்து பாதுகாப்புத் தேடி ஊர் ஊராகக் கொண்டுவரப்பட்ட தங்க அம்மன் இங்கே வந்து தங்கினாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில் வந்தவர் சியாமா சாஸ்திரிகள் (1762–1827). கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவர். பைரவி ராகத்து 'காமாட்சி அனுதினமு' ஸ்வரஜதியைக் கேட்டுவிட்டு அந்தச் சந்நிதிக்குப் போய்ப் பாருங்கள். கோயில் அவ்வளவு பெரியதில்லை, பத்துப் பேர் நின்றாலே நெருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் நின்றுகொண்டு அவ்வளவு நிதானமான ராகத்தில் ஒருவர் பேசியிருக்கிறார் என்பது உறைக்கும்.

அதே மேலவீதியில் தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடு. சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்து அண்ணன் தம்பிகள், முத்துசாமி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள். இன்று எந்த ஊர் அரங்கேற்றத்திலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக வருகிறதே, அந்த வரிசையைக் கட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். வடிவேலு திருவிதாங்கூர் போய் சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தார். வெள்ளைக்காரர் வாத்தியமான வயலினை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1834இல் ராஜா அவருக்குத் தந்தத்தில் இழைத்த வயலின் பரிசளித்தார். வீடு என்றால் வீடுதான். டிக்கெட் கவுண்டர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெருவிலிருந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். கதவைத் தட்டிச் செல்ஃபி கேட்பது மரியாதையில்லை.

வைகாசியில் இதே வீதிகளை வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். திருஞானசம்பந்தர் குருபூஜையை ஒட்டி முத்துப்பல்லக்குகள் ராத்திரி முழுக்க வீதி சுற்றும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாதசுரம். இருபத்து நான்கு பெருமாள் கோயில் கருடன்கள் வரிசை கட்டி வருவதும் இதே மாதம். மடக்கு நாற்காலி கொண்டுபோகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள்.

அரண்மனை: இரண்டு சிலைக்கு ஒரு மணி நேரம்

கீழவீதி வழியாக நுழையுங்கள். டிக்கெட்டுகள் தனித்தனி, எந்தப் பகுதிக்கு எது என்று கவுண்டரிலேயே கேட்டு வாங்குங்கள். சங்கீத மகால், தர்பார் மண்டபம், கோபுரங்கள் எல்லாம் பார்க்கலாம், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கலைக்கூடத்தில் ஒரு ஜோடிக்கு மட்டும் நேரம் வையுங்கள்: திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவராகிய சிவனும் அவர் தேவியும். கல்வெட்டுப்படி அவர் 1011, அம்மை 1012.

முன்னால் நின்று அவருடைய வலது முழங்கையைப் பாருங்கள். எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. காளையின் மேல். அந்தக் காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கை, தளர்ந்து தொங்கும் விரல்கள், ஒரு காலைக் குறுக்கே போட்டு நிற்கும் நிற்பு, எல்லாம் சேர்ந்து இல்லாத மாட்டின் உயரத்தைக்கூடச் சொல்லிவிடும். தலையில் பாகை மாதிரி சுற்றியிருப்பது துணி இல்லை, சடையும் பாம்பும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். வயல்வெளிக்குப் போய்விட்டு வந்து வண்டிமாட்டின் மேல் கைபோட்டு நிற்கும் ஒரு மிராசுதாரரை நான் சின்ன வயதில் இதே நிற்பில் பார்த்திருக்கிறேன். வார்த்த சிற்பியும் யாரையோ பார்த்துத்தான் வார்த்திருக்க வேண்டும்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடி அறைக்குள் விடமாட்டார்கள், அருங்காட்சியகம் மட்டும்தான். வெளியே வரும்போது அவர்களுடைய பதிப்புகள் விற்கும் இடத்தில் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். சங்கீதம், நாட்டியம், வைத்தியம் என்று சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்கள், வெளிக்கடைகளில் சுலபத்தில் கிடைக்காதவை, கைக்கு எட்டும் விலையில் இருக்கும்.

வீணை செய்யும் இடம்

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டறைகள் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. நகருக்குள் சந்துகளில், வீட்டின் முன்கட்டில், பலாமரச் சீவல் குவிந்திருக்கும் வாசல்தான் அடையாளம். வாத்தியக் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

பலாமரம் பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. வாங்க நினைத்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

பார்க்க வேண்டிய வேலை, மேளம் கட்டுவது. தண்டியின் இரு ஓரமும் கரித்தூள் கலந்த தேன்மெழுகைக் கறுப்பாகப் பூசி, அதன்மேல் 24 மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். 24 மெட்டும் நிலையாக நிற்கிற இந்த அமைப்பைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நான் பார்த்த பெரியவர் மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, தலையைச் சாய்த்தபடி அரை நிமிஷம் கேட்டார். மெழுகை விரலால் ஒரு நூல் அளவு தள்ளினார். மறுபடி மீட்டினார். ஒரே மெட்டுக்கு ஏழெட்டுத் தரம். பக்கத்தில் பேரனின் கைபேசியில் சுருதி காட்டும் செயலி பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. "அது சரின்னு சொல்லுது தாத்தா" என்றான். "சொல்லும். நாளைக்கு வெயில்ல இந்த மெழுகு எறங்கும். அது அதுக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

ஓவியம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை

வந்த புதிதில் நானும் ஒரு கிருஷ்ணன் படம் வாங்கினேன். கடை பெயர் வேண்டாம். இரண்டு மழைக்காலத்தில் குழந்தையின் கொலுசு கறுத்துப்போனது. மேலே ஒட்டிய ரேக்கு, அதாவது மெல்லிய தகடு, தங்கமில்லை. எனவே: கண்ணாடிச் சட்டம் போடாத, பாதி முடிந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பலகையின் மேல் துணி ஒட்டி, மக்கு வைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, அதன்மேல் ரேக்கு ஒட்டும் வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தங்க ரேக்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தலையாட்டி பொம்மைக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, எங்கே வாங்கினாலும் தலையாட்டும்.

மருத்துவக் கல்லூரிச் சாலையும் ஆபிரகாம் பண்டிதர் சாலையும்

மருத்துவக் கல்லூரிச் சாலையில் தென்னகப் பண்பாட்டு மையம். கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, தப்பாட்டம் எல்லாம் மேடையில் பார்க்க வேண்டுமானால் அவ்வப்போது அங்கே நிகழ்ச்சி நடக்கும். வாசல் பலகையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் தப்பு என்ற அந்தத் தோல் வாத்தியத்தை மேடையில் பார்ப்பதற்கு முன் தெருவில் பாருங்கள். தஞ்சாவூர்க் கலை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீணையோடு நிறுத்திக்கொள்வார்கள். சாவு வீட்டில் அடிப்பது என்று ஒதுக்கிவைத்த பழக்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஒருவர் நெருப்பில் காட்டி, புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் என்று திருப்பிக் காட்டுவார். சுருதி சேர்க்கிற காரியம்தான் அது, வீணைக்காரப் பெரியவர் தலையைச் சாய்த்தது போல. ஒரு கையில் தடித்த குச்சி, மறுகையில் மூங்கில் சிம்பு. இரண்டும் சேரும்போது வயிற்றில் கேட்கும்.

ரயில் நிலையப் பக்கம் ஆபிரகாம் பண்டிதர் சாலை என்று ஆட்டோக்காரரிடம் நீங்களே தினம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சித்த மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை இசை ஆராய்ச்சிக்குச் செலவழித்த மனிதர் அவர் (1859–1919). 1912 முதல் தம் செலவிலேயே இங்கே இசை மாநாடுகள் கூட்டினார், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். கரந்தையில் 1911இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. திருவையாறு போகிற வழிதான், ஒரு நாள் இறங்கிப் பாருங்கள்.

திருவையாறு: ஆராதனைக்கு முன்பே ஒரு தடவை

பழைய பேருந்து நிலையத்தில் ஏறுங்கள். பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாலங்களை எண்ணுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அதற்கு நடுவில் போனால் ஐந்திலும் தண்ணீர். சித்திரையில் போனால் ஐந்தும் மணல்.

முதல் தடவை கூட்டமில்லாத ஒரு வார நாளில் போங்கள். காவிரிக் கரையில் தியாகராஜர் (1767–1847) சமாதி. சந்நிதியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்புங்கள், எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் சிலை இருக்கும். பெங்களூர் நாகரத்தினம்மாள். பாழடைந்து கிடந்த சமாதியைத் தேடி வந்து, தன் நகைநட்டைப் போட்டுக் கோயில் எழுப்பியவர். அந்தக் காலத்தில் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. தாசி குலத்தில் பிறந்த அவர் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறம் தனியாகப் பாட வைத்தார். பின்னால் எல்லாக் கோஷ்டியும் ஒன்றானது. இன்று தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடும் நாளில் டிவியில் தெரியும் பட்டுப்புடவை வரிசைகளுக்கு அந்தச் சிலைதான் முதல் வரிசை.

அங்கிருந்து ஐயாறப்பர் கோயில். தெற்குப் பிராகாரத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எனக்கு ஐந்துக்கு மேல் கேட்டதில்லை. உங்கள் குரலைப் போட்டுப் பாருங்கள், சாயங்காலம் கூட்டம் வருவதற்கு முன். பஸ் ஏறுமுன் அசோகா வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பில் செய்வது, நெய் கையெல்லாம் ஒட்டும், அதனால் இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுவது உத்தமம்.

ஆராதனை நாட்களுக்கு வருவோம். பல நாள் கச்சேரி நடக்கும், அனுமதி இலவசம். பஞ்சமியன்று காலையில் அவர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி, அதாவது பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும், ஊர்வலம் வரும், அதன்பின் பஞ்சரத்தினம்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. புதிதாகப் போகிறவர்களுக்கு என் கணக்கு இது. அன்று காலை ஏழு மணிக்குள் பந்தலில் இருங்கள். எட்டரைக்குப் போன வருஷம் ஒரு கம்பத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வராளி முழுவதும் பக்கத்து வீட்டு மாமி மட்டும் பாடியது போலக் கேட்டேன். போர்வை, தண்ணீர், தலையில் கட்டத் துண்டு. காலையில் பனி, பத்து மணிக்கு வெயில். ஐந்து கீர்த்தனைகளையும் முந்தின வாரம் தினம் ஒன்றாகக் கேட்டுவிட்டுப் போங்கள். அப்போதுதான் நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து 'எந்தரோ' என்று எடுக்கும் இடத்தில் நீங்களும் முணுமுணுக்கலாம். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்குக் கூட்டம் மோதும். பிற்பகல் மூன்று மணிக்குப் பத்துப் பத்து நிமிஷமாக வாசிக்கும் பெயர் தெரியாத பிள்ளைகளைக் கேளுங்கள் என்பது என் பட்சபாதமான ஆலோசனை. கால் நீட்டி உட்கார இடமும் கிடைக்கும்.

கும்பகோணம் ரயிலில் ஒரு நாள்

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகும் பாசஞ்சரில் உட்கார்ந்து நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். பழைய கச்சேரி நோட்டீஸ் மாதிரி இருக்கும். பாபநாசம் வரும். இன்னொரு நாள் திருவாரூர் வழியில் போனால் நீடாமங்கலம் வரும். ஆற்றங்கரைச் சாலையில் பஸ்ஸில் போனால் உமையாள்புரம். பெயருக்கு முன்னால் வித்வான்கள் ஒட்டிக்கொண்ட ஊர்கள் எல்லாம் வாழைத்தோப்பும் ஒரு டீக்கடையுமாக எட்டிப் பார்க்கும்.

தாராசுரம் கோயில் வாசலில், பலிபீடத்துக்குப் பக்கத்தில், தட்டினால் சுரம் எழும் கல்படிகள் உண்டு. தட்டித் தட்டியே தேய்த்துவிடுவார்கள் என்று கம்பி போட்டுவிட்டார்கள். பார்க்க மட்டும்தான். கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. வருத்தப்படாமல் உள்ளே போங்கள், தூண்களில் ஆடுகிறவர்கள் உள்ளங்கை உயரத்தில் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் பார்க்கலாம்.

சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்த மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஸ்தபதி கையில் அளவுகோல் இருக்காது, ஒரு தென்னை ஓலை இருக்கும். தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று அளவு எடுப்பார். வார்ப்பு என்றைக்கு என்று முன்கூட்டி விசாரித்துப் போனால் மட்டுமே ஊற்றுவதைப் பார்க்க முடியும். மற்ற நாளில் அரம் போடும் சத்தம்தான்.

பிறகு ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை. இந்தச் சின்ன ஊர் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா, அதுவும் புதிதாக வெட்டியது உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று பல பத்து வருஷம் காற்றும் வெயிலும் குடித்த மரம் வேண்டும். யார் வீட்டையோ இடித்தால்தான் இங்கே ஒரு வாத்தியம் பிறக்கும். கடைசலில் மாட்டி உருட்டி, உள்ளே நீளத் துளையிட்ட அந்தக் குழலுக்கு உலவு என்று பெயர். அடியில் விரியும் பகுதி அணசு. வாயில் வைப்பது சீவாளி, கொறுக்கைத் தட்டையில் செய்வது. வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் உபரிச் சீவாளிகளைப் பார்த்து அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வாசிக்கும்போது ஒன்று மக்கர் செய்தால் மாற்ற வேண்டும், அதற்குத்தான் அவை. வித்வான் வாசிக்குமுன் சீவாளியை நாக்கில் நனைத்துப் பீ பீ என்று இரண்டு ஊதல் ஊதிப் பார்ப்பார். கச்சேரி அங்கேயே தொடங்கிவிட்டது. பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாதசுர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அவருடைய தோடி ஒலிப்பதிவை ரயிலில் வரும்போதே காதில் போட்டுக்கொண்டு வந்திருந்தால், கடைசல்காரர் துளையில் ஊதிப் பார்க்கும் ஒற்றைச் சுரம்கூட வேறு மாதிரிக் கேட்கும்.

பட்டறைக்குள் போகும்போது ஒரு வழக்கம்: செருப்பை வெளியே விடுங்கள், மரத்தையும் மெழுகையும் தாண்டாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அரை மணி நேரம் அவர் வேலையைக் கெடுத்திருக்கிறீர்கள். வாத்தியம் வாங்காவிட்டாலும் இரண்டு சீவாளியாவது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மெலட்டூரும் திருவாரூரும்

மெலட்டூருக்கு வருஷத்தில் ஒரே வேளை, நரசிம்ம ஜயந்தி. பெருமாள் சந்நிதிக்கு எதிரே தெருவில் மேடை. ஆண்களே எல்லா வேஷமும் கட்டி, மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரிகள் எழுதிய தெலுங்கு நாடகங்களை விடிய விடிய ஆடுவார்கள். தெலுங்கு தெரியாதே என்ற கவலை வேண்டாம், பிரகலாதன் கதை தெரியாதவர் யார்? பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். கடைசி பஸ் போய்விடும், திரும்ப விடிகாலை பஸ்தான். சொந்த வண்டியில் போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஓட்டாமல் விடியும்வரை இருந்துவிடுவது நல்லது.

திருவாரூரைக் கடைசியில் சொல்வது அவசரமாகப் பார்க்கக் கூடாத ஊர் என்பதால். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று சொலவடை; வேலி என்பது பழைய நில அளவு. மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். நினைவில்லங்களைப் பகல் மூன்று மணிக்குள் பார்த்து முடித்து, கமலாலயக் கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சாயரட்சைக்குக் கோயிலுக்குள் போய்விடுங்கள். இந்தக் கோயிலில் எல்லாவற்றுக்கும் அந்த வேளைதான். தேவேந்திரனே வந்து நிற்பதாக நம்பிக்கை. ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் இங்கே இருக்கிறது. ஒரே குடத்தில் ஐந்து வாய், ஐந்திலும் தோல், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நாதம். வாசிக்கும் நாள் எது என்று கோயில் அலுவலகத்தில் விசாரித்துப் போங்கள். தூணோரமாக நின்று கண்ணை மூடிக் கேட்டால், வாசிக்கிறவர் எந்த முகத்துக்குத் தாவினார் என்று மூன்றாவது சுற்றில் பிடிபட ஆரம்பிக்கும்.

நண்பர் போன மாதம் அங்கே போனார். ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்து, தஞ்சாவூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.